டென்னிஸ் ரிட்சி

டென்னிஸ் மெக்கலிஸ்டர் ரிட்சி (செப்டம்பர் 9, 1941 – அக்டோபர் 2011) அமெரிக்காவைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். சி என்னும் நிரல்மொழியை உருவாக்கியவர். கென் தாம்சனுடன் இணைந்து யுனிக்ஸ் இயங்குதளத்தை வடிவமைத்தவர். கணினி உலகில் டி.எம்.ஆர். என்னும் முதலெழுத்துகளால் அறியப்பட்டார். அது பெல் ஆய்வகக் கணினிகளில் அவருடைய பயனர் பெயராகவும் இருந்தது.

இன்று லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பைத் தேடும் ஒருவர், அனுமதி மறுக்கப்பட்டது என்னும் பிழைச் செய்தியைத் திரை நிறையக் காண்பது வழக்கம். அச்செய்திக்குப் பின்னால் உள்ள ஏற்பாடுகளில் பெரும்பாலானவை ரிட்சியும் அவருடைய நண்பர்களும் 1969 முதல் 1970களின் பிற்பகுதி வரை வகுத்தவை. ஒரு கோப்பு யாருடையது, அதைப் படிக்க உரிமை உடையவர் யார், உரிமை இல்லாதவருக்குக் கணினி என்ன விடை தரவேண்டும் என்ற வினாக்களுக்கு அவர்கள் கண்ட விடைகள் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் பெரிதும் மாறாமல் பயன்பாட்டில் உள்ளன.

பிறப்பும் இளமையும்

ரிட்சி நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை அலிஸ்டர் ரிட்சி பெல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த அறிவியலாளர். தொலைபேசி இணைப்பகங்களில் பயன்படும் இணைப்புச் சுற்றுகளின் வடிவமைப்பைப் பற்றி 1951-ல் வெளிவந்த நூலின் ஆசிரியர் மூவருள் அவரும் ஒருவர். குடும்பம் பின்னர் நியூ செர்சி மாநிலத்தின் சம்மிட் நகருக்குக் குடிபெயர்ந்தது. ரிட்சி அங்கேயே உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தார். பெல் ஆய்வகத்தின் மரே ஹில் வளாகம் அந்நகருக்கு அருகில் இருந்தது. தந்தை பணியாற்றிய அதே நிறுவனத்திலேயே மகனும் தம் பணிக்காலம் முழுவதையும் கழித்தார்.

கல்வி

ரிட்சி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1963-ல் இளநிலைப் பட்டம் பெற்றார். அங்குப் பயிலும்போது, பல்கலைக்கழகத்தில் இருந்த யூனிவாக் 1 கணினி இயங்கும் முறையைப் பற்றிய விரிவுரை ஒன்றைக் கேட்க நேர்ந்தது. அதன் பின்னர் அவருடைய நாட்டம் கணினிகளின்பால் திரும்பியது. இயற்பியலாளர் ஆவதற்குத் தம்மிடம் போதிய திறமை இல்லை என்று இளநிலைக் கல்வி உணர்த்தியதாகவும், கணிமுறைக் கோட்பாட்டில் வல்லுநர் ஆகும் திறமையும் இல்லை என்று முதுநிலைக் கல்வி உணர்த்தியதாகவும் அவர் பிற்காலத்தில் தம்மைப் பற்றித் தன்னடக்கத்துடன் எழுதினார்.

ஹார்வர்டிலேயே பயன்முறைக் கணிதத்தில் பேராசிரியர் பேட்ரிக் ஃபிஷரின் வழிகாட்டலில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். மடக்குகளால் ஆன எளிய நிரல்களின் கணிப்புச் சிக்கலைப் பற்றி ஆல்பர்ட் மெயருடன் இணைந்து 1967-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 1968-ல் ஆய்வேட்டை எழுதி முடித்தபோதும், பல்கலைக்கழக நூலகத்திற்கு அளிக்க வேண்டிய கட்டமைக்கப்பட்ட படியை அவர் அளிக்கவில்லை. அதனால் முனைவர் பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை. அந்த ஆய்வேடு பின்னர் என்ன ஆயிற்று என்பது இக்கட்டுரையின் இறுதியில் கூறப்பட்டுள்ளது.

பெல் ஆய்வகமும் மல்டிக்ஸும்

1967-ல் ரிட்சி பெல் ஆய்வகத்தின் கணிப்பு அறிவியல் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், செனரல் எலக்ட்ரிக் நிறுவனம், பெல் ஆய்வகம் ஆகிய மூன்றும் இணைந்து மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கி வந்தன. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்துவதற்காக அது திட்டமிடப்பட்டது. பலர் ஒரு கணினியைப் பகிரும்போது ஒருவருடைய கோப்பை இன்னொருவர் பார்க்கலாமா என்ற வினா தானாகவே எழுகின்றது. மல்டிக்ஸ் இதற்கு விரிவான விடை கண்டிருந்தது. ஒவ்வொரு கோப்பிற்கும் எவரெவர் அணுகலாம் என்ற பட்டியலும், நிரல்களின் அதிகாரத்தை அடுக்கடுக்காகப் பிரிக்கும் வளைய அமைப்பும் அதில் இருந்தன.

ஆயினும் திட்டம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகி, காலம் நீண்டுகொண்டே சென்றது. 1969-ல் பெல் ஆய்வகம் அதிலிருந்து விலகியது. ரிட்சி, கென் தாம்சன், டக் மெக்கில்ராய், ஜோ ஒசானா முதலியோர் நல்ல கணிப்புச் சூழல் இல்லாதவர்கள் ஆயினர்.

யுனிக்ஸின் தோற்றம்

1969-ல் தாம்சன், ரிட்சி, ரட் கேனடே ஆகியோர் ஒரு கோப்பு முறைமையின் அமைப்பைத் தாளிலும் கரும்பலகையிலும் வகுத்தனர். அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்னும் சிறிய கணினியில் தாம்சன் அதனைச் செயற்படுத்தினார். அதனைச் சுற்றி வளர்ந்த இயங்குதளத்திற்கு மல்டிக்ஸின் பெயரைச் சற்றே மாற்றி யுனிக்ஸ் என்று பெயரிடப்பட்டது.

பெரிய கணினி ஒன்றை வாங்கித் தருமாறு இக்குழு விடுத்த வேண்டுகோள்களை நிருவாகம் ஏற்கவில்லை. ஆவணங்களைத் தட்டச்சிட்டுத் திருத்தும் ஒரு முறைமையை அமைத்துத் தருவதாகக் கூறிய பின்னரே 1970-ல் பிடிபி-11 கணினி வாங்கப்பட்டது. அதன் நினைவகம் 24 கிலோபைட்டு மட்டுமே. அதில் 16 கிலோபைட்டு இயங்குதளத்திற்கும், எஞ்சிய 8 கிலோபைட்டு பயனர் நிரல்களுக்கும் ஒதுக்கப்பட்டன. வட்டின் கொள்ளளவு 512 கிலோபைட்டு. 1971-ல் பெல் ஆய்வகத்தின் காப்புரிமைத் துறையினர் தங்கள் விண்ணப்பங்களைத் தட்டச்சிட இக்கணினியைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1971 நவம்பர் 3 என்னும் நாளிட்ட முதற் பயனர் கையேட்டைத் தாம்சனும் ரிட்சியும் எழுதினர்.

காப்புரிமைத் துறைத் தட்டச்சாளர்களும் ஆய்வாளர்களும் ஒரே வட்டில் கோப்புகளை வைத்திருந்தனர். ஒருவர் செய்யும் தவறு இன்னொருவருடைய விண்ணப்பத்தை அழித்துவிடக் கூடாது. ஆகவே கோப்பு அனுமதிகள் தொடக்கத்திலேயே நடைமுறைத் தேவையாக இருந்தன.

கோப்பு அனுமதிகள்

மல்டிக்ஸின் விரிவான பட்டியல்களுக்கு மாறாக, யுனிக்ஸில் ஒரு கோப்பின் அனுமதி சில இரும எண் குறிகளுக்குள் அடங்கியது. முதற் பதிப்பில் உரிமையாளர் படிக்கலாமா, எழுதலாமா, பிறர் படிக்கலாமா, எழுதலாமா, கோப்பை நிரலாக இயக்கலாமா என்பவற்றிற்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. தாம்சனும் ரிட்சியும் 1974-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், உரிமையாளருக்கு மூன்றும் பிறருக்கு மூன்றுமாக ஆறு குறிகளும், தனிச்சிறப்புடைய ஏழாவது குறி ஒன்றும் விளக்கப்பட்டன. சிறிது காலத்திற்குள் இவற்றிற்கு இடையே குழு என்னும் மூன்றாவது பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று லினக்ஸில் காணப்படும் ஒன்பது குறிகள் இவ்வாறு உருவானவையே.

இவ்வமைப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிலகத்தின் இருப்புப் பதிவேடு கணினியில் ஒரு கோப்பாக உள்ளது எனக் கொள்வோம். பண்டகக் காப்பாளர் அதன் உரிமையாளர். அவர் படிக்கவும் எழுதவும் வேண்டும். உற்பத்திப் பிரிவினர் ஒரு குழு. அவர்கள் படித்தால் போதும், திருத்தக் கூடாது. வாயிற்காவலர் முதலிய பிறருக்கு அது தேவையில்லை. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்பிட்டுக் கூட்டினால் உரிமையாளருக்கு 6, குழுவிற்கு 4, பிறருக்கு 0 கிடைக்கின்றது. எனவே அக்கோப்பின் அனுமதி 640 ஆகும். மூன்று இலக்கங்களில் ஒரு தொழிலகத்தின் நடைமுறை விதி அடங்கிவிடுகின்றது.

உரிமையாளர் யார் என்பதைக் கணினி முதலில் பார்க்கின்றது. உரிமையாளராயின் உரிமையாளருக்கான குறிகளை மட்டுமே கருதும். இல்லையெனில் குழுவையும், அதன் பின்னரே பிறரையும் கருதும். இவற்றிற்கு விலக்காக மூலப்பயனர் என்னும் ஒரு பயனர் உண்டு. அவரிடம் படிக்கவும் எழுதவும் இந்தச் சோதனை நடைபெறுவதில்லை.

அடைவும் தேடும் உரிமையும்

யுனிக்ஸில் அடைவும் ஒருவகைக் கோப்பே. ஆகையால் அதே குறிகள் அடைவிற்கும் பொருந்தும். ஆனால் பொருள் மாறுபடும். அடைவைப் படிக்கும் உரிமை என்பது அதில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் உரிமை. எழுதும் உரிமை என்பது பெயர்களைச் சேர்க்கவும் நீக்கவும் உள்ள உரிமை. அடைவை நிரலாக இயக்க இயலாது என்பதால், மூன்றாவது குறிக்குத் தேடும் உரிமை என்ற பொருள் தரப்பட்டது. அந்த அடைவைக் கடந்து உள்ளே செல்லலாமா என்பதை அக்குறி தீர்மானிக்கின்றது.

இதன் விளைவுகள் சில மாணவர்களைக் குழப்புவதுண்டு. ஒரு கோப்பைப் படிக்க உரிமை இருந்தாலும், அதற்குச் செல்லும் வழியில் உள்ள அடைவுகளுள் ஒன்றில் தேடும் உரிமை இல்லையெனில் கோப்பை அணுக இயலாது. மாறாக, படிக்க உரிமை இல்லாத கோப்பையும் பெயரைக் கொண்டு தேடிக் கண்டறியலாம். ஏனெனில் பெயர் கோப்பில் இல்லை, அடைவில் உள்ளது. ஒரு கோப்பை நீக்குவதற்கும் பொதுவாகக் கோப்பின் மீதன்றி அடைவின் மீதே எழுதும் உரிமை தேவைப்படுகின்றது.

பயனர் அடையாளக் குறியும் காப்புரிமையும்

மேலே குறிப்பிட்ட ஏழாவது குறி ரிட்சியின் சொந்தக் கண்டுபிடிப்பு ஆகும். பூட்டிய பெட்டிக்குள் உள்ள ஒன்றைப் பயனர் வரையறைக்கு உட்பட்டு மாற்ற வேண்டிய சூழல்கள் உண்டு. தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள விரும்பும் பயனர் அதற்கான கோப்பில் எழுதியாக வேண்டும். ஆனால் அக்கோப்பை அவர் விருப்பம்போல் திருத்த விடக்கூடாது. அக்காலத்தில் மூ என்னும் எண் ஊகிக்கும் விளையாட்டை முன்னிட்டும் இதே சிக்கல் பேசப்பட்டது. விளையாடுவோரின் மதிப்பெண்களை விளையாட்டு நிரல் பதிவு செய்ய வேண்டும். விளையாடுவோர் தாமே அவற்றைத் திருத்திக்கொள்ளக் கூடாது.

ரிட்சியின் தீர்வு எளிமையானது. இக்குறி இடப்பட்ட நிரல், அதை இயக்குபவரின் உரிமையோடு அன்றி, அந்நிரலின் உரிமையாளருடைய உரிமையோடு இயங்கும். உரிமை மனிதரிடமிருந்து நிரலுக்கு, அதுவும் அந்நிரல் செய்யும் ஒரு பணிக்கு மட்டும் மாற்றித் தரப்படுகின்றது. எந்தப் பயனரும் தம் சொந்த நிரலுக்கு இக்குறியை இட்டுக்கொள்ளலாம் என்பதால், நிருவாகியின் தலையீடின்றியே இது பயன்பட்டது.

இக்கண்டுபிடிப்பிற்கு 1973 ஜூலையில் காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டு, 1979 ஜனவரியில் 41,35,240 என்னும் எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைக்குமா என்பது தெளிவற்றிருந்த காலமாதலால், விண்ணப்பத்தில் இது மின்சுற்று வடிவிலும் விளக்கப்பட்டிருந்தது. பின்னர் இக்காப்புரிமை பொதுமக்களின் பயன்பாட்டிற்கே விடப்பட்டது. யுனிக்ஸைப் பின்பற்றிய பிற இயங்குதளங்கள் தடையின்றி இதனைப் பயன்படுத்த இது வழிசெய்தது.

பிழைச் செய்திக்குத் தனி வழி

தொடக்ககால யுனிக்ஸில் ஒரு நிரலின் விடையும் அதன் பிழைச் செய்தியும் ஒரே வழியாக வெளிவந்தன. பெல் ஆய்வகத்திற்கு ஒளி அச்சுக்கோப்பு எந்திரம் வந்த பின்னர் இதன் குறை வெளிப்பட்டது. அந்த எந்திரத்தில் அச்சிட்ட தாளை வேதிப்பொருள் கொண்டு துலக்கிப் பார்க்கச் சில நிமிடங்கள் ஆகும். அவ்வாறு காத்திருந்து பார்த்த ஆய்வாளர் சிலர், தங்கள் கட்டுரைக்குப் பதிலாக, கோப்பைத் திறக்க இயலவில்லை என்ற ஒற்றை வரி அழகாக அச்சாகி இருப்பதைக் கண்டனர். அவர்களின் முறையீட்டைத் தொடர்ந்து சில நாட்களிலேயே பிழைச் செய்திகளுக்கெனத் தனி வெளியீட்டு வழி யுனிக்ஸில் சேர்க்கப்பட்டது.

அன்று முதல் ஒவ்வொரு நிரலும் மூன்று வழிகளுடன் தொடங்குகின்றது. 0 என்பது உள்ளீடு, 1 என்பது வெளியீடு, 2 என்பது பிழை வெளியீடு. கோப்புத் தேடலில் தோன்றும் அனுமதிப் பிழைகளைக் கையாள்வதற்கு இந்த 2 என்னும் எண்ணே இன்றும் அடிப்படையாக உள்ளது.

சி நிரல்மொழி

தாம்சன் உருவாக்கிய பி என்னும் மொழியில் எழுத்துக்கும் எண்ணுக்கும் வேறுபாடு இல்லை. பிடிபி-11 கணினிக்கு அது பொருந்தவில்லை. 1971 முதல் 1973 வரை ரிட்சி அம்மொழியில் தரவு வகைகளையும் கட்டமைப்புகளையும் சேர்த்துப் புதிய மொழியாக வளர்த்தார். அதுவே சி ஆயிற்று. 1973-ல் யுனிக்ஸின் கருனி சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. இயங்குதளத்தைக் குறிப்பிட்ட கணினியின் பொறிமொழியிலேயே எழுதுவது அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது. ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சனும் 1970களின் பிற்பகுதியில் யுனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்னும் முற்றிலும் வேறான கணினிக்கு மாற்றிக் காட்டினர்.

பிரயன் கெர்னிகனும் ரிட்சியும் இணைந்து எழுதிய சி நிரல்மொழி பற்றிய நூல் 1978-ல் வெளிவந்தது. 1989-ல் அமெரிக்கத் தேசியச் செந்தர நிறுவனம் சி மொழிக்குச் செந்தரம் வெளியிடும் வரை அந்நூலே செந்தரமாகக் கருதப்பட்டது. தமிழகத்துப் பொறியியல், பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு இந்நூல் நன்கு அறிமுகமானது.

பாதுகாப்பு பற்றிய எழுத்து

யுனிக்ஸின் ஏழாம் பதிப்பு 1979-ல் வெளிவந்தபோது, அதன் பாதுகாப்பைப் பற்றி ரிட்சி ஒரு சிறு கட்டுரை எழுதினார். தம் படைப்பின் குறைகளைத் தாமே எடுத்துக்காட்டியது அக்கட்டுரையின் சிறப்பு. யுனிக்ஸ் பாதுகாப்பை முதன்மை நோக்கமாகக் கொண்டு உருவாக்கப்படவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஒரு பயனர் வட்டு இடத்தையும் பிற வளங்களையும் தீர்த்துவிட்டு முறைமையை முடக்க இயலும் என்பதையும், கவனமின்றி எழுதப்பட்ட பயனர் அடையாளக் குறி நிரல்கள் இடர் விளைவிக்கும் என்பதையும் சுட்டினார். கோப்புகளுக்குத் தளர்வான அனுமதியே இயல்பாகத் தரப்படுவதையும் குறையாகக் குறிப்பிட்டார். அவர் அன்று சுட்டிய இடர்கள் இன்றைய நிருவாகிகளும் எதிர்கொள்பவையே.

லினக்ஸும் கோப்புத் தேடலும்

யுனிக்ஸின் மூல நிரலைப் பயன்படுத்துவதில் 1980களில் உரிமக் கட்டுப்பாடுகள் இறுகின. 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். இவற்றில் யுனிக்ஸின் நிரல் வரிகள் இல்லையாயினும், அதன் கோப்பு அனுமதி முறை அப்படியே பின்பற்றப்பட்டது. கருனியும் சி மொழியிலேயே எழுதப்பட்டது.

கோப்புகளைத் தேடப் பயன்படும் ஃபைண்ட் என்னும் கட்டளையும் பெல் ஆய்வகத்திலிருந்து வந்ததே. இன்று அறியப்படும் வடிவில் அதனை டிக் ஹைட் எழுதினார். அது ஒவ்வோர் அடைவாக உள்ளே சென்று பார்க்கின்றது. செல்ல உரிமை இல்லாத அடைவை எதிர்கொண்டால் கருனி 13 என்னும் பிழை எண்ணைத் திருப்பித் தருகின்றது. அதுவே அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியாகத் திரையில் தோன்றுகின்றது. தேடல் நின்றுவிடுவதில்லை, அடுத்த அடைவிற்குச் செல்கின்றது. ஆனால் முடிவில், பிழை நேர்ந்தது என்பதைக் காட்டும் வெளியேறு நிலையுடன் முடிகின்றது.

இப்பிழைகளைக் கையாளப் பின்வரும் வழிகள் உள்ளன:

* பிழை வழியைத் திருப்புதல்: கட்டளையின் இறுதியில் 2 என்னும் எண்ணும், அதை ஒட்டி > குறியும், பின்னர் வெற்றுச் சாதனத்தின் பெயரும் இட்டால், பிழைச் செய்திகள் மறைந்து கண்டறிந்த கோப்புகள் மட்டும் திரையில் தோன்றும். ஆனால் வட்டுப் பழுது போன்ற வேறு பிழைகளும் உடன் மறைந்துவிடும்.
* தனிக் கோப்பில் சேமித்தல்: வெற்றுச் சாதனத்திற்குப் பதிலாக ஒரு கோப்பின் பெயரைத் தந்தால் பிழைகள் அதில் சேரும். தேடல் எவ்விடங்களைப் பார்க்கவில்லை என்பதைப் பின்னர் அறியலாம்.
* நுழையாது விடுதல்: குனூவின் ஃபைண்ட் கட்டளையில், படிக்க இயலாத அடைவுகளைக் கண்டறிந்து அவற்றினுள் செல்லாமல் விலக்கும் தெரிவுகள் உள்ளன. இதனால் பெரும்பாலான பிழைகள் எழுவதே இல்லை.
* தேடும் எல்லையைக் குறுக்குதல்: வேர் அடைவிலிருந்து தேடாமல் தம் இல்ல அடைவிலிருந்து தேடினால் பிழைகள் அரிதாகவே தோன்றும். இயங்கும் செயல்களைக் காட்டும் புரோக் அடைவை விலக்குவதும் நன்று.
* மூலப்பயனர் உரிமையுடன் தேடுதல்: முறைமை முழுவதையும் பார்க்க வேண்டிய நிருவாகிக்கு இது பொருந்தும். வலைவழிக் கோப்பு முறைமைகள் சிலவற்றிலும், கூடுதல் பாதுகாப்பு அடுக்கு உள்ள முறைமைகளிலும் மூலப்பயனருக்கும் அனுமதி மறுக்கப்படலாம்.

பிழையைத் தவிர்ப்பதற்காக எல்லாக் கோப்புகளுக்கும் 777 என்னும் முழு அனுமதியை அளிப்பது தவறான வழியாகும். அவ்வாறு செய்தால், மேலே கண்ட எடுத்துக்காட்டில் இருப்புப் பதிவேட்டை எவரும் திருத்தலாம். திருத்தியவர் யார் என்றும் அறிய இயலாது. அனுமதி மறுப்பு என்பது பழுது அன்று; முறைமை தன் கடமையைச் செய்கின்றது என்பதற்கான அடையாளம். தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும், தேட அனுமதி இல்லை என்பதும் வெவ்வேறு விடைகள். பிழைச் செய்திகளை முழுவதும் மறைத்துவிடுபவர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் வாய்ப்பை இழக்கின்றார்.

பிற்காலப் பணிகள்

1990-ல் ரிட்சி பெல் ஆய்வகத்தில் முறைமை மென்பொருள் ஆய்வுத் துறையின் தலைவரானார். அத்துறையில் ராப் பைக், தாம்சன் முதலியோர் உருவாக்கிய பிளான் 9 இயங்குதளம் 1992-ல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. வலையில் இணைந்த பல கணினிகளை ஒரே கோப்பு முறைமையாகக் காண்பது அதன் அடிப்படைக் கருத்து. எல்லா உரிமைகளும் கொண்ட மூலப்பயனர் என்ற ஏற்பாடு அதில் கைவிடப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. தொடர்ந்து 1996-ல் வெளிவந்த இன்ஃபெர்னோ இயங்குதளத்திலும் ரிட்சி பங்கேற்றார். 2007-ல் பணி ஓய்வு பெற்றார்.

விருதுகள்

* 1983 – டூரிங் விருது (கென் தாம்சனுடன்)
* 1988 – அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழக உறுப்பினர்
* 1990 – ரிச்சர்டு ஹாமிங் பதக்கம் (தாம்சனுடன்)
* 1997 – கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் மதிப்புறு உறுப்பினர் (தாம்சனுடன்)
* 1998 – அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் (தாம்சனுடன், 1999-ல் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் வழங்கினார்)
* 2011 – ஜப்பான் பரிசு (தாம்சனுடன்)

தமிழ்நாட்டில் தாக்கம்

ரிட்சியின் பணிகள் லினக்ஸ் வழியாகத் தமிழகத்தின் அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் அடைந்தன. 2000களின் பிற்பகுதியில் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை சுசே லினக்ஸுக்கு மாற்றியது. மைய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு இந்திய மொழிகளுக்கு ஆதரவளிக்கும் பாஸ் லினக்ஸை உருவாக்கியது.

2011 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணா பிறந்த நாளில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. இவ்வாறு ரிட்சி மறைவதற்குச் சற்றேறக்குறைய ஒரு மாதத்திற்கு முன்னர், அவர் வகுத்த அனுமதிக் குறிகளைத் தாங்கிய கணினிகள் முதன்முறையாகக் கணினி பெற்ற பல குடும்பங்களின் இல்லங்களுக்குச் சென்று சேரத் தொடங்கின. 2018-ல் அறிமுகமான தமிழக மேனிலைப் பள்ளிக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸும் பாடமாக இடம்பெற்றது.

மறைவு

ரிட்சி திருமணம் செய்துகொள்ளவில்லை. நியூ செர்சியின் பெர்க்லி ஹைட்ஸ் நகரில் தனியே வாழ்ந்து வந்தார். சில ஆண்டுகளாகவே உடல்நலம் குன்றியிருந்த அவர், 2011 அக்டோபர் 12 அன்று தம் இல்லத்தில் இறந்த நிலையில் காணப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 70. அவருடைய நெடுநாள் நண்பர் ராப் பைக் இச்செய்தியை வெளியுலகிற்கு அறிவித்தார்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று மறைந்திருந்தார். அம்மறைவு உலகெங்கும் பேசப்பட்ட அளவிற்கு ரிட்சியின் மறைவு செய்தித்தாள்களில் இடம்பெறவில்லை. ஆயினும் ஆப்பிள் கணினிகளின் இயங்குதளமும் யுனிக்ஸ் மரபில் வந்ததே. 2011 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா லினக்ஸின் 16-ஆம் பதிப்பு ரிட்சியின் நினைவிற்குக் காணிக்கையாக்கப்பட்டது. 294727 என்னும் எண் கொண்ட சிறுகோளுக்கும் அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

கண்டறியப்பட்ட ஆய்வேடு

கோப்புகளைத் தேடவும் காக்கவும் உலகிற்கு வழிவகுத்தவரின் சொந்த ஆய்வேடு நெடுங்காலம் எவருக்கும் கிட்டாமல் இருந்தது. ஹார்வர்டு நூலகத்தில் அதன் படி இல்லை. நூலகப் பட்டியலில் பதிவும் இல்லை. ரிட்சியின் மறைவிற்குப் பின்னர் அவருடைய உடன்பிறந்தோர் எடுத்த முயற்சியால் அதன் படி கண்டறியப்பட்டது. கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2020-ல் அதனை எண்ணிம வடிவில் வெளியிட்டது. எழுதி முடித்து 52 ஆண்டுகளுக்குப் பின்னர், பட்டம் பெற்றுத் தராத அந்த ஆய்வேடு எவரும் படிக்கத்தக்கதாயிற்று.